'எமதூதர்கள்': 1970 டாக்டர் ஹூ கதையை வேலூர்ல 40 பேருக்குப் போட்டுக் காட்டணும், எப்படி?

காட்பாடி_கேபிள்:

வணக்கம். எங்க வாசகர் வட்டத்துல சுமார் 40 பேர். பாதி காலேஜ் பசங்க, பாதி ரிட்டையர்டு ஆனவங்க. அதுல பத்துப் பேராவது பட்டாளத்துல இருந்து வந்தவங்க. மே மாசம் ஒரு பழைய அறிவியல் புனைகதை டிவி கதை போட்டுப் பேசலாம்னு முடிவாகியிருக்கு. எல்லாரும் சொல்ற அதே அஞ்சாறு பேரு வேண்டாம், யாரும் பெருசா கண்டுக்காத ஒண்ணா இருக்கட்டும்னு தேடி 'தி அம்பாசடர்ஸ் ஆஃப் டெத்'ல வந்து நிக்கிறோம். பிபிசியோட 'டாக்டர் ஹூ' தொடர்ல 1970ல வந்த கதை, ஜான் பெர்ட்வீ டாக்டரா நடிச்சது, 7 பகுதி.

சந்தேகம் நிறைய இருக்கு. 7 பகுதி இழுவைன்னு இதுக்கு ஒரு கெட்ட பேரு உண்டு, நிஜமா? கையில இருக்கிறது 2012ல வந்த இங்கிலாந்து டிவிடி. முதல் பகுதி பளிச்சுனு இருக்கு, ரெண்டாவதுல இருந்து கலர் கஞ்சி மாதிரி ஆயிடுது. டிஸ்க் கோளாறா, புரொஜெக்டர் செட்டிங்கா, இல்ல படமே அவ்வளவுதானா? ஒரே நாள்ல போடலாமா, பிரிச்சுப் போடணுமா? தமிழ் சப்டைட்டில் நாங்களே போடணும், தலைப்பை எப்படித் தமிழாக்குறதுனே இன்னும் சண்டை முடியல. மண்டபம் தகர ஷீட், ஏசி கிடையாது, இன்வெர்ட்டர் ஒண்ணு இருக்கு. தெரிஞ்சவங்க சொல்லுங்க.

ஜவ்வாது_காத்து:

தாராளமா போடுங்க. இந்தக் கதை பின்னாடி தள்ளப்பட்டதுக்கு முதல் காரணம் அது உட்கார்ந்திருக்கிற இடம். 7வது சீசன்ல மொத்தமே 4 கதை, 25 பகுதி. இதுக்கு முன்னாடி பூமிக்கடியில தூங்கின பல்லி இனம், இதுக்குப் பின்னாடி இணை உலகம் எரிஞ்சு சாம்பலாகுற கதை. அந்த ரெண்டையும் டீக்கடையில ஒரே வரியில சொல்லிடலாம். இதைச் சொல்ல முடியாது. அதனால யாரும் சொல்றதும் இல்ல. ரெண்டாவது காரணம் பிரிண்ட். ரொம்ப வருஷம் முழுசா கலர்ல பார்க்கவே கிடைக்கல.

இனி கதை முழுசா உடையும். பார்க்காதவங்க அடுத்த பதிலுக்குத் தாவிடுங்க.

செவ்வாயில இருந்து கிளம்பின மார்ஸ் புரோப் 7 ஏழு மாசமா பேச்சுமூச்சு இல்லாம வருது. அதை மீட்கப் போன ரெகவரி 7ங்கிற கலத்துலயும் காதைக் கிழிக்கிற ஒரு கீச்சொலி வந்து தொடர்பு அறுந்துபோகுது. அது இரைச்சல் இல்ல, செய்தின்னு டாக்டர் சொல்றார். அதுக்குப் பதில் செய்தி போறது லண்டன்ல ஒரு கிடங்குல இருந்து. வேத்துக்கிரகத்துக்காரன் வர்றான்னு முன்கூட்டியே தெரிஞ்ச ஆள் ஒருத்தன் பூமியில இருக்கான். கதையோட நிஜமான கேள்வி அதுதான், விண்வெளியில எதுவுமே இல்ல.

அந்த ஆள் ஜெனரல் காரிங்டன். மார்ஸ் புரோப் 6ல போனவர். கூட வந்தவரை அந்த ஜீவன்கள் தொட்டதும் அவர் செத்துப்போனார். அவங்க கொல்லணும்னு தொடல. அவங்களுக்கு ரேடியேஷன் சோறு மாதிரி, நமக்கு அது சாவு. காரிங்டன் மனசுல அது அன்னைக்கே படையெடுப்பு ஆயிடுச்சு. சமாதானம் பேச ஆள் அனுப்புங்கன்னு அவரே வரவழைச்சு, வந்த மூணு தூதர்களைப் பிடிச்சு, ரேடியேஷன் வீசுற ஐசோடோப் போட்டு உயிரோட வெச்சு, சிக்னல் கொடுத்து ஆட்டி வெச்சு, கொலையும் பண்ண வெச்சு, கடைசியில உலகம் பூரா நேரடி ஒளிபரப்புல ஒருத்தனோட ஹெல்மெட்டைக் கழட்டிக் காட்டிப் போரை ஆரம்பிக்கணும். இதுல பணமும் இல்ல, பதவியும் இல்ல. ஜான் அபினெரி இந்த ஆளை ஒரு இடத்துலகூட வில்லனா நடிக்கல, தூக்கம் கெட்டுப்போன நல்ல மனுஷனா நடிச்சிருக்கார். உங்க மிலிட்டரிக்காரங்க பேசப்போறது இவரைப் பத்தித்தான், பாருங்க.

அவர் கூலிக்கு வெச்சிருக்கிற ரீகன் நேர் எதிர். அவனுக்குக் கொள்கைன்னு ஒண்ணு கிடையாது. 5ஆம் பகுதியில லெனாக்ஸ் சாகுற இடத்தை மட்டும் ரெண்டு தடவை பாருங்க. பயந்துபோன விஞ்ஞானி, ஓடிவந்து யூனிட்ங்கிற ராணுவப் பிரிவுகிட்ட சரணடைஞ்சு பாதுகாப்புக்காக அறையில அடைஞ்சிருக்கார். மூடி போட்ட சாப்பாட்டுத் தட்டு வருது. மூடியைத் தூக்கினா உள்ளே ஐசோடோப். பூதமும் இல்ல, லேசர் துப்பாக்கியும் இல்ல. ஒரு தட்டு, ஒரு மூடி, லெனாக்ஸா நடிச்ச சிரில் ஷேப்ஸோட முகம். அவ்வளவுதான். கதிர்வீச்சு பேட்ஜ் குத்திக்கிட்டு வேலைக்குப் போறவங்க நடமாடுற ஊருல இந்தக் காட்சிக்கு விளக்கமே வேண்டாம்.

முன்னுரை பேசறவருக்கு ஒரு தகவல். 1970 மார்ச் 21ல இருந்து மே 2 வரைக்கும் சனிக்கிழமை சனிக்கிழமையா வந்தது இது. 4ஆம் பகுதி வந்த ஏப்ரல் 11ஆம் தேதிதான் அப்போலோ 13 கிளம்புச்சு. ஆக்சிஜன் டேங்க் வெடிச்சு, 17ஆம் தேதி கடல்ல இறங்கினாங்க. மறுநாள் 18ஆம் தேதி 5ஆம் பகுதி. அதுல டாக்டர் ஏறின ராக்கெட்டுல எம்3 எரிபொருளை அளவுக்கு மேல ஏத்திவிட்டு ரீகன் சதி பண்றான், கட்டுப்பாட்டு அறையில எல்லாரும் கையைப் பிசைஞ்சுகிட்டு நிக்கிறாங்க. எழுதினது முன்னாடியே, ஒத்துப்போனது தற்செயல். ஆனா அந்த வாரம் பார்த்தவன் எப்படிப் பார்த்திருப்பான்னு யோசிச்சுப் பார்க்கச் சொல்லுங்க. அப்போ நம்ம வடஆற்காட்டுல காவலூர் வான் ஆய்வகம் ஆரம்பிச்சு ரெண்டே வருஷம், 38 செ.மீ. தொலைநோக்கியோட. ஜவ்வாது மலையில அங்க அண்ணாந்து பார்த்துகிட்டிருந்த அதே வருஷம்.

பிரிக்கிறதுன்னா 2, 3, 2. முதல் நாள் 1, 2. ரெண்டாவது பகுதி முடியறது இறங்கின கலத்தை வெட்டித் திறக்கச் சொல்லி டாக்டர் உத்தரவு போடறதோட. அதுக்குப் பதில் உடனே கிடைச்சா சப்புனு இருக்கும், ஒரு வாரம் ஊறணும். ரெண்டாம் நாள் 3, 4, 5. அஞ்சாவது முடிவுல விண்வெளியில பெரிய கலம் ஒண்ணு நெருங்கி வரும், அங்க நிறுத்துங்க. மூணாம் நாள் 6, 7, அப்புறம் பேச்சு. ஒரே நாள்ல 175 நிமிஷம் வேண்டவே வேண்டாம். ஒவ்வொரு பகுதியும் 25 நிமிஷத்துக்குனு எழுதினது. சேர்த்துப் பார்த்தா மறுபடி மறுபடி ஒரே ஆளைத் துரத்துற மாதிரி தெரியும்.

இன்னொண்ணு, தொடக்க இசை வரும்போது தாவாதீங்க. இந்தக் கதையில மட்டும் டைட்டிலைப் பாதியில நிறுத்தி, காட்சி காட்டிட்டு, அப்புறம்தான் கதைப்பேரு வரும். தாவினா கதையில ஒரு துண்டு போயிடும்.

ஓட்டேரி_ஏரிக்கரை:

ஜவ்வாது அண்ணா ஆசையில பேசறார். இழுவை இல்லவே இல்லைன்னா நான் ஒத்துக்க மாட்டேன். கடத்தல் கணக்கு மட்டும் போடுங்க: கலத்தைக் கடத்தறாங்க, மீட்கறாங்க. உள்ள இருந்தவங்களை காரிங்டன் ஆளுங்க கொண்டுபோறாங்க, அவங்ககிட்ட இருந்து ரீகன் தூக்கறான். டாக்டர்கூட வேலை பார்க்கிற விஞ்ஞானி லிஸ் ஷாவைத் தூக்கறாங்க. கடைசியில விண்வெளிக்குப் போய் வந்த டாக்டரையும் தூக்கறாங்க. ஆறு இடத்துல ஒரே வேலை.

காரணமும் இருக்கு. பேரு போட்டிருக்கிறது டேவிட் விட்டேக்கருக்கு மட்டும். 1963ல தொடர் ஆரம்பிச்சப்போ கதை ஆசிரியரா இருந்தவர். ஆனா முதல் பகுதியைத் திருத்தி எழுதினது டிரெவர் ரே, மீதி மால்கம் ஹல்க். மூணு கை பட்ட சாம்பார். தால்தாலியன்ங்கிற விஞ்ஞானி ஸ்டுடியோவுல பிரெஞ்சுக்காரன் மாதிரி பேசுவார், வெளிப்புறக் காட்சியில அந்த உச்சரிப்பு காணாமப்போயிடும். சப்டைட்டில்ல பார்க்கிறவங்களுக்குத் தெரியாது, தப்பிச்சீங்க.

ஆனா நல்லதும் சொல்லணும். ஹேவக்ங்கிற ஸ்டன்ட் குழுவோட சண்டைக் காட்சி, கலத்தை ஏத்திப்போற வண்டிகளை ஹெலிகாப்டர்ல வந்து மடக்குற இடம், 3ஆம் பகுதியில அணைக்கட்டு மேல லிஸ்ஸை விரட்டுறது, இதெல்லாம் டிவி பட்ஜெட்னு நம்ப முடியாது. இயக்குநர் மைக்கேல் ஃபெர்குசனுக்கு வெளியில கேமராவைத் தூக்கிட்டுப் போனா குஷி வந்துடும். 4ஆம் பகுதி சுணங்கும். அதுக்கு முன்னாடி டீ கொடுங்க.

நாலு_புள்ளி_நாலு_மூணு:

கலர் பற்றி மட்டும். டிஸ்க்கில் கோளாறு இல்லை, புரொஜெக்டரிலும் இல்லை. முதல் பகுதி அசல் 625 வரி கலர் வீடியோ டேப். அந்த வகையில் டாக்டர் ஹூவில் தங்கிய பகுதிகளில் காலத்தால் முந்தியது இதுதான். மற்ற 6 பகுதிகளின் டேப் அழிக்கப்பட்டுவிட்டது. மிஞ்சியவை வெளிநாட்டுக்கு விற்க எடுத்த 16 மி.மீ. கருப்பு வெள்ளை ஃபிலிம்கள். இவை தவிர அமெரிக்காவில் ஒளிபரப்பானதை ஒரு ரசிகர் வீட்டில் பதிவு செய்த கலர் கேசட் இருந்தது. அது என்டிஎஸ்சி என்ற அமெரிக்கக் கலர் முறை, 525 வரி. பல இடங்களில் வானவில் பட்டைகள் ஓடிக் கெட்டுப்போயிருந்தது. ஃபிலிமிலிருந்து கூர்மை, கேசட்டிலிருந்து நிறம், இரண்டையும் ஒட்டவைத்துத்தான் 2002 விஎச்எஸ் வந்தது. கேசட் கெட்ட இடங்களைக் கருப்பு வெள்ளையாகவே விட்டார்கள். 2012 டிவிடியில்தான் முழுக் கலர்.

நடுவில் நடந்தது என்ன என்பதுதான் சுவையான விஷயம். அதற்குத் தூர்தர்ஷனை நினைத்துக்கொள்ளுங்கள், பிபிசி போலவே நம்முடையதும் பால் (PAL) என்ற கலர் முறை. செய்தி வாசிப்பவர் பொடிக் கட்டம் போட்ட சட்டையோ நெருக்கமான கோடு போட்ட சேலையோ உடுத்தி வந்தால், அதன் மேல் ஊதாவும் மஞ்சளும் நெளியுமே, ஞாபகம் இருக்கிறதா? கருப்பு வெள்ளைக்குரிய நுணுக்கமான கோட்டை, நிறம் என்று டிவி தவறாக எடுத்துக்கொள்வதால் வருவது அது. நிறத்தைச் சுமக்கும் அலை 4.43361875 மெகாஹெர்ட்ஸ். சட்டையின் கட்டம் திரையில் அதே நெருக்கத்தில் விழுந்தால் டிவிக்கு வித்தியாசம் தெரியாது.

இதையே தலைகீழாகப் போடுங்கள். கலர் சிக்னலைக் கருப்பு வெள்ளைத் திரையில் ஓட்டி, அதை ஃபிலிம் கேமராவால் படம் பிடிக்கிறார்கள். முறைப்படி நிற அலையை வடிகட்டிவிட்டுத்தான் எடுக்க வேண்டும். வடிகட்டாமல் எடுத்த இடங்களில் நிறம் பொடிப் புள்ளிகளாக ஃபிலிமில் பதிந்துவிட்டது. அதாவது, கருப்பு வெள்ளை என்று பெட்டியில் எழுதியிருந்த ஃபிலிமுக்குள் நிறம் ஒளிந்து கிடந்தது. புள்ளி எங்கே விழுந்திருக்கிறது என்பது எந்த நிறம் என்று சொல்லும். புள்ளி எவ்வளவு அழுத்தம் என்பது அந்த நிறம் எவ்வளவு அடர்த்தி என்று சொல்லும்.

மீட்பது ஏன் சிரமம் என்று கணக்குப் போட்டால் புரியும். ஒரு வரியில் கண்ணுக்குத் தெரிவது 52 மைக்ரோ நொடி, அதில் சுமார் 230 அலை. 16 மி.மீ. ஃபிலிமின் கட்டம் ஏறக்குறைய 10 மி.மீ. அகலம். ஓர் அலைக்குக் கிடைப்பது சுமார் 0.04 மி.மீ. இதில் கால் பங்கு, அதாவது 0.01 மி.மீ. இடம் பெயர்ந்தால் நிறம் 90 டிகிரி திரும்பிவிடும். சதை நிறம் இருக்க வேண்டிய இடத்தில் பாசி நிறம் வரும். ஃபிலிம் வருடக்கணக்கில் சுருங்கியிருக்கும், படம் பிடித்த குழாய்த் திரை ஓரங்களில் வளைந்திருக்கும். எனவே முதலில் ஒவ்வொரு வரியையும் நிமிர்த்தி அதனதன் இடத்தில் உட்கார வைக்க வேண்டும். பிறகும் ஒரு தொல்லை உண்டு. பால் முறையில் நிறத்தின் ஒரு கூறு வரிக்கு வரி திசை மாறும். எந்த வரி எந்தத் திசை என்று மென்பொருள் தவறாக ஊகித்தால் சிவப்பு பச்சைப் பக்கம் ஓடிவிடும். இந்த யோசனையைத் தள்ளிக்கொண்டு போனவர் ஜேம்ஸ் இன்செல், மென்பொருள் எழுதியவர் ரிச்சர்ட் ரசல். முதலில் திரைக்கு வந்தது டாக்டர் ஹூ அல்ல, 2008 டிசம்பரில் 'டாட்ஸ் ஆர்மி'யின் ஒரு பகுதி. அங்கே கைவந்த வித்தைதான் இந்தக் கதைக்கும் உதவியது.

ஆகவே 2ஆம் பகுதி முதல் நீங்கள் பார்ப்பது இப்படி உயிர் கொடுத்த நிறம். ஓரங்களில் சிவப்பு சற்று வழியும், முகங்கள் மெழுகுபோல் இருக்கும். அதைச் சரிசெய்யப் போகாதீர்கள். புரொஜெக்டரில் டைனமிக் வேண்டாம், சினிமா மோடு வையுங்கள். ஷார்ப்னஸ் பூஜ்யம், ஏற்றினால் ஃபிலிம் குறுணையும் புள்ளிகளின் மிச்சமும்தான் தூக்கலாகத் தெரியும். கலரை ஒரு 10 புள்ளி குறையுங்கள். முதல் பகுதிக்கு ஒரு செட்டிங், மற்றவற்றுக்கு ஒரு செட்டிங் என்று மாற்றிக்கொண்டிருக்காதீர்கள், ஆரம்பத்திலேயே காரணம் சொல்லிவிட்டால் பார்வையாளர் புரிந்துகொள்வார்கள்.

ஆரணி_பட்டு:

சப்டைட்டில் பத்தி நான் சொல்றேன்.

முதல்ல தலைப்பு. ஆங்கிலத்துல 'தூதர்கள்'ங்கிற சொல் முன்னாடி வந்து நிக்கும், ஒரு நொடி கழிச்சு அடிக்கிற சத்தத்தோட 'சாவின்'ங்கிற பாதி பாய்ஞ்சு வரும். அந்தத் தடுமாற்றம்தான் விளையாட்டே. தமிழ்ல அடைமொழி முன்னாடி வரும், அதனால அப்படியே போட முடியாது. 'எமதூதர்கள்'னு வெச்சா வழி இருக்கு. திரையில முதல்ல 'தூதர்கள்', சத்தம் வர்ற நொடியில அதுக்கு இடப்பக்கம் 'எம' வந்து ஒட்டிக்கணும். எஸ்ஆர்டி (SRT)ங்கிற சாதா சப்டைட்டில் கோப்புல இது சரியா வராது. ரெண்டாவது வரி வரும்போது மொத்தச் சொல்லும் நடுவுக்கு நகர்ந்துடும், 'தூதர்கள்' குதிக்கிற மாதிரி தெரியும். ஏஎஸ்எஸ் (ASS) வகை சப்டைட்டில் கோப்புல ரெண்டுக்கும் தனித்தனி இடம் குறிச்சுப் போடுங்க. 7 பகுதிக்கும் ஒரே தடவை செஞ்சு நேரத்தை மட்டும் மாத்தினாப் போதும்.

இதுல ஒரு லாபம் இருக்கு. 'எம' மேல ஒரு புள்ளி வெச்சா 'எம் தூதர்கள்', நம்ம தூதர்கள். டாக்டர் கண்ணுக்கு ஒண்ணு, காரிங்டன் கண்ணுக்கு இன்னொண்ணு. வித்தியாசம் ஒரே புள்ளி. 7ஆம் பகுதிக்கு மட்டும் புள்ளி வெச்சுப் போடலாம். நம்ம விண்வெளி வீரங்க மூணு பேர் அங்க, அவங்க ஆளுங்க மூணு பேர் இங்க, பண்டமாற்று மாதிரி மாட்டிக்கிட்டு இருக்கிறதால ரெண்டு பக்கத்துக்கும் பொருந்தும்.

அடுத்து நேரம். டிவிடி நொடிக்கு 25 சட்டம் (ஃபிரேம்). இணையத்துல கிடைக்கிற ஆங்கில சப்டைட்டிலை அடிப்படையா எடுத்தா அது 23.976க்குச் செஞ்சதான்னு பாருங்க. அப்படி இருந்தா ஆரம்பத்துல சரியா இருக்கும், போகப் போகப் பிந்தும், 25 நிமிஷ முடிவுல 64 நொடி வித்தியாசம். முன்னாடி பின்னாடி நகர்த்தினா தீராது, சட்ட விகிதத்தை மாத்தணும். சப்டைட்டில் எடிட்ங்கிற மென்பொருள்ல அதுக்கு ஒரு பட்டன் இருக்கு.

ஒரு வரிக்கு 5 சொல், ரெண்டு வரிக்கு மேல வேண்டாம். தமிழ்ச் சொல் நீளம், அதுவும் பெரியவங்க படிக்கணும். ஒன்றரை நொடிக்குக் குறைஞ்சு எதையும் மறைக்காதீங்க. கட்டுப்பாட்டு அறையில ஒரே நேரத்துல மூணு பேர் எண்ணு, அழுத்தம், வேகம்னு கத்துவாங்க. எல்லாத்தையும் மொழிபெயர்க்காதீங்க, அந்த அறையோட தலைவர் கார்னிஷ் சொல்றது மட்டும் போதும்.

இப்போ முக்கியமான ஒண்ணு. கலம் இறங்கினதும் உள்ள இருந்து வீரர்கள் குரல் வரும். அது பதிவு செஞ்ச டேப்னு டாக்டர் கண்டுபிடிக்கிறதே, ஒரே வாக்கியம் திரும்ப வர்றதை வெச்சுத்தான். மொழிபெயர்க்கிறவங்க நடை நல்லா இருக்கணும்னு ஒவ்வொரு தடவையும் சொல்லை மாத்திப் போட்டா துப்பு செத்துப்போகும். எழுத்துக்கு எழுத்து அதே வரியை ஒட்டுங்க.

பேச்சுல நீ, நீங்க ஆங்கிலத்துல தெரியாது, இங்க முடிவு பண்ணித்தான் ஆகணும். டாக்டரும் லிஸ் ஷாவும் ரெண்டு பக்கமும் 'நீங்க'. அந்தம்மா கேம்பிரிட்ஜ் விஞ்ஞானி, 'நீ'ன்னு போட்டா டீ வாங்கிட்டு வர்ற பொண்ணா ஆயிடுவாங்க. ரீகன் எல்லாரையும் 'நீ', ஜெனரலை மட்டும் 'நீங்க', அதுவும் நக்கலா. பிரிகேடியர், ஜெனரல், சார்ஜென்ட் எதையும் தமிழாக்காதீங்க. கம்மவான்பேட்டை மாதிரி வீட்டுக்கு வீடு பட்டாளத்துக்குப் போற ஊர் இருக்கிற மாவட்டத்துல 'தளபதி'ன்னு எழுதினா எந்தத் தளபதின்னு கேட்பாங்க. கதிர்வீச்சுன்னு எழுதலாம், ஆனா ரேடியேஷன்னா சட்டுனு உறைக்கும்.

கோப்பை யுடிஎஃப்-8ல சேமிங்க. பென் டிரைவை நேரா டிவியிலயோ புரொஜெக்டர்லயோ செருகினா பெரும்பாலும் கொம்பு தனியா கால் தனியா வரும், 'கொ' மூணு துண்டா நிக்கும். லேப்டாப்ல விஎல்சி பிளேயர் இல்லன்னா எம்பிவி பிளேயர், எழுத்துரு நோட்டோ சான்ஸ் தமிழ். ஒரு நிமிஷம் ஓட்டி 'கொ', 'கை', 'ஸ்ரீ' மூணும் ஒழுங்கா வருதான்னு பார்த்துட்டு மேல போங்க.

காட்பாடி_கேபிள்:

அந்த ஒரு புள்ளி விஷயம் இங்க எல்லாருக்கும் பிடிச்சுப்போச்சு அக்கா, தலைப்புச் சண்டை முடிஞ்சுது. டிவிடி பிளேயர் இந்த டிஸ்க்கைப் படிக்க மாட்டேங்குது, ரீஜன் தப்புன்னு வருது. புரொஜெக்டர் விளக்கு போட்ட பழைய வகை, 280 வாட். இன்வெர்ட்டருக்கு 12 வோல்ட் 150 ஆம்பியர் மணி பேட்டரி. மூணு பகுதி ஓடுற நாள்ல கரண்ட் போனா தாங்குமா?

நாலு_புள்ளி_நாலு_மூணு:

இங்கிலாந்து டிஸ்க் ரீஜன் 2, இந்தியா ரீஜன் 5, அதுதான் காரணம். லேப்டாப் டிவிடி டிரைவில் ரீஜனை மாற்றலாம், ஆனால் மொத்தம் 5 முறைதான், அதன்பின் கடைசியாக வைத்ததிலேயே பூட்டிக்கொள்ளும். பழைய டிரைவ் ஒன்றை இதற்கென்றே ரீஜன் 2ல் விட்டுவிடுங்கள். டிஸ்க் வீட்டு உபயோகத்துக்கானது என்பதையும் நினைவில் வையுங்கள். உறுப்பினர் அல்லாதவர்களைக் கூப்பிடுவதாக இருந்தால் உரிமையாளரிடம் எழுதிக் கேட்டுக்கொள்வது நல்லது.

லேப்டாப்பிலிருந்து ஓட்டும்போது இரண்டைக் கவனியுங்கள். முதல் பகுதியின் ஸ்டுடியோக் காட்சிகள் நொடிக்கு 50 புலம், அதாவது ஒன்றுவிட்டு ஒரு வரியாக வரும் 50 பாதிப் படம். அவற்றை முழுப் படமாக்கும் டீஇன்டர்லேஸ் அணைந்திருந்தால் ஆள் நடக்கும்போது விளிம்பு சீப்புப் பல் மாதிரி கிழியும். விஎல்சியில் அதை இயக்கி 'யாடிஃப் 2எக்ஸ்' தேர்ந்தெடுங்கள். வெறும் 'யாடிஃப்' பாதி அசைவைத் தின்றுவிடும். அடுத்து, எச்டிஎம்ஐ வெளியீட்டை 60லிருந்து 50 ஹெர்ட்ஸுக்கு மாற்றுங்கள். மாற்றாவிட்டால் கேமரா பக்கவாட்டில் திரும்பும் இடங்களில் எல்லாம் படம் விக்கும்.

படம் 4:3. உங்கள் திரை 8 அடிக்கு 4.5 அடி என்றால் படம் 6 அடிக்கு 4.5 அடிதான் வரும், இரு பக்கமும் ஓர் அடி கருப்பாக நிற்கும். 'திரை வீணாகிறதே' என்று யாராவது இழுத்து நிரப்பச் சொல்வார்கள். கேட்காதீர்கள், பெர்ட்வீ குள்ளமாகிவிடுவார்.

மின்சாரம்: புரொஜெக்டர் 280, லேப்டாப் 65, ஸ்பீக்கர் 60, மொத்தம் சுமார் 400 வாட். பேட்டரி கணக்குக்கு 1800 வாட் மணி. பழகிய பேட்டரியில் 60 சதம்தான் நம்பலாம், இன்வெர்ட்டர் அதில் 20 சதம் தின்னும். மிஞ்சுவது ஏறக்குறைய 860. இரண்டு மணி நேரம் ஓடும், 75 நிமிடக் காட்சிக்கு மேல்தான். ஆனால் அதே இன்வெர்ட்டரில் மூன்று மின்விசிறி மாட்டியிருந்தால் இந்தக் கணக்கு பொய்த்துவிடும். வேலூர் மே மாதத்தில் விசிறி இல்லாமல் 40 பேரை உட்கார வைக்கவும் முடியாது. ஆகவே விசிறிகளைத் தனி லைனில் விட்டு, மாலை 6.45க்கு மேல் ஆரம்பியுங்கள். ஷீட் சூடு இறங்கவும் நேரம் வேண்டும், வெளிச்சம் போகவும் வேண்டும்.

இன்வெர்ட்டர் மாறும் அந்தக் கண நேரத் தடையில் விளக்கு வகை புரொஜெக்டர் அணைந்துவிடும். உள்ளே விசிறி நின்று விளக்கு சூட்டோடு நிற்கும், உடனே போட்டால் எரியாது, சில சமயம் விளக்கே போய்விடும். 600 விஏ கணினி யுபிஎஸ் ஒன்றை நடுவில் வைத்து அதில் புரொஜெக்டரை மட்டும் மாட்டுங்கள். காற்று வெளியேறும் பக்கத்தில் சுவருக்கு ஒன்றரை அடி இடம் விடுங்கள். வடிகட்டிப் பஞ்சை முந்தின நாளே தட்டிவிடுங்கள், பாதியில் சூடேறி அணையும் புரொஜெக்டர்களில் பெரும்பாலானவற்றுக்கு அதுதான் நோய்.

ஒலியில் ஒரு எச்சரிக்கை. அந்த வேற்றுக்கிரகக் கீச்சொலி ஷீட்டிலும் டைல்ஸிலும் பட்டுத் திரும்பினால் காது கூசும், காதில் மெஷின் வைத்திருப்பவர்கள் எழுந்து போய்விடுவார்கள். அது முதலில் வருவது முதல் பகுதியில், ரெகவரி 7 நெருங்கும்போது. அந்த இடத்தை ஓட்டிப் பார்த்து டிரெபிளைக் குறைத்து, அதையே உச்ச அளவாக வைத்துக்கொண்டு பேச்சு கேட்கிறதா என்று கடைசி வரிசையில் உட்கார்ந்து பாருங்கள்.

ஓட்டேரி_ஏரிக்கரை:

4ஆம் பகுதிக்கு முன்னாடி டீன்னு சொன்னேன், கூட மக்கன் பேடாவும் வெச்சீங்கன்னா என் குறை எல்லாம் வாபஸ். ஆரணி அக்காவுக்கு ஒரு கேள்வி. கடைசியில காரிங்டனைக் கைது பண்ணும்போது அவர் டாக்டரைப் பார்த்துச் சொல்ற அந்த வரியை எப்படிப் போடப்போறீங்க? 'தர்மம்'னு போட்டா புராணப் படம் மாதிரி ஆயிடாது?

ஆரணி_பட்டு:

ஆயிடும். 'தர்மம்' போட்டா அவர் தன்னை நியாயப்படுத்துற மாதிரி ஆகுது. 'கடமை' போட்டா பட்டாளத்துச் சொல், யார் வேணும்னாலும் எப்ப வேணும்னாலும் சொல்றது, அதனாலதான் பயமா இருக்கும். 'என் கடமையைத்தான் செஞ்சேன். உங்களுக்குப் புரியுதில்ல?' அவ்வளவுதான். 'ஒழுக்க ரீதியான கடமை'ன்னு அகராதி பார்த்து எழுதிடாதீங்க. அவர் கெஞ்சலா, தாழ்ந்த குரல்ல சொல்றார், வரியும் குட்டையா இருக்கணும்.

டாக்டரோட பதில் 'புரியுது, ஜெனரல்'. 'ஆனா'ன்னு எதுவும் சேர்க்க வேண்டாம், அவர் சேர்க்கல. அந்த வரியை 3 நொடி விட்டு எடுங்க. அதுக்கப்புறம் தூதர்களைத் திருப்பி அனுப்புற வேலையை லிஸ் பார்த்துப்பாங்கன்னு சொல்லிட்டு டாக்டர் கிளம்பிடுவார். அவர் நடந்து போற வரைக்கும் திரையில எழுத்து எதுவும் வராம பார்த்துக்கோங்க, மொழிபெயர்ப்பாளர் பேரை அங்க போட்டுடாதீங்க.